கொழும்பில் நாற்காலி மாறும்போது

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் மின்னியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, வர்றவங்க எல்லாரும் வேலைவாய்ப்பைப் பத்தியே பேசிட்டுப் போறாங்க. நீ வேற ஏதாவது பேசு" என்றார். நான் சூரிய மின் நிலையங்களுக்கு டெண்டர் தயாரிக்கும் வேலையில் இருப்பவன். மேடை அரசியல் எனக்குத் தெரியாது. ஆனால் டெண்டர் போடுகிறவனுக்கு ஒரு கவலை கூடவே பிறந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது அந்த நாட்டில் ஆட்சி மாறிவிட்டால், கையிலிருக்கும் ஒப்பந்தம் என்ன ஆகும் என்பதுதான் அது. கம்பெனிக்கே இந்தக் கவலை என்றால், இந்தியா, சீனா போன்ற பெரிய நாடுகளுக்கு எவ்வளவு இருக்கும்! இலங்கையில் ஆட்சி மாறிய போதெல்லாம் இந்த இரண்டு போட்டியாளர்களும் என்ன செய்தார்கள் என்று கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

"கொழும்பு சமாச்சாரம் புதுக்கோட்டைக்கு எதுக்குப்பா?" என்று யாராவது நினைக்கலாம். முதலில் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பேருந்து நிலையத்தில் ஏறி அறந்தாங்கி வழியாகக் கோட்டைப்பட்டினம் போக எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் கோட்டைப்பட்டினத்திலிருந்து கடலில் நெடுந்தீவுக்கு. பழைய சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. 1974ஆம் ஆண்டு ஜனவரியில் தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்து நம் மாவட்டத்தை உருவாக்கியபோதுதான் கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் எல்லாம் நம்மோடு சேர்ந்தன. கடல் வருவதற்கு முன்பே நமக்கு இலங்கை உறவு உண்டு. கங்காணிகளோடு கப்பலேறித் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் நம் கிராமங்களில் எத்தனையோ. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் உண்டு. 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களுக்கு அழியாநிலையிலும் தோப்புக்கொல்லையிலும் லெணாவிளக்கிலும் முகாம்கள் எழுந்தன. இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களிலேயே அந்த வீட்டுப் பிள்ளைகள் இருப்பீர்கள்.

அந்த ரப்பரிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1952இல் இலங்கையில் அரிசித் தட்டுப்பாடு, ரப்பர் விலையும் விழுந்து கிடந்தது. கொரியப் போர் நடக்கிறது. சீனாவுக்கு ரப்பர் விற்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை தடை போட்டிருக்கிறது. இலங்கை அப்போது அந்தச் சபையில் உறுப்பினரே இல்லை. கம்யூனிசத்தை ஆகாத கட்சி என்று சொல்லும் டட்லி சேனநாயக்காவின் அரசு, கம்யூனிஸ்ட் சீனாவோடு டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி இந்தப் பக்கம், 50,000 டன் ரப்பர் அந்தப் பக்கம். இரு நாடுகளுக்கும் முறையான தூதரக உறவுகூட அப்போது கிடையாது, அது 1957இல்தான் வந்தது. நம் ஊர்க்காரர்கள் பால் வெட்டிய ரப்பர் பீக்கிங்குக்குப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதில் நான் கவனித்தது அதற்கு அடுத்து நடந்ததைத்தான். 1956இல் பண்டாரநாயக்கா வந்தார். 1960இல் சிறிமாவோ, 1965இல் மறுபடி டட்லி, 1970இல் மறுபடி சிறிமாவோ, 1977இல் ஜெயவர்த்தனே. இடதுசாரி வந்தது, வலதுசாரி வந்தது. அரிசி - ரப்பர் ஒப்பந்தம் மட்டும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே 1982 வரை ஓடியது. நாற்காலியில் யார் என்று சீனா பார்த்த மாதிரி தெரியவில்லை. தாள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2005இல் மகிந்த ராஜபக்ச அதிபரானார். அவருடைய சொந்த மாவட்டமான அம்பாந்தோட்டையில் 2008இல் துறைமுக வேலை தொடங்கியது. முதல் கட்டத்துக்குச் சீனாவின் எக்ஸிம் வங்கி 30 கோடி டாலருக்கும் மேல் கடன் கொடுத்தது, வட்டி 6.3 சதவீதம். 2014 செப்டம்பரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் நேரில் கொழும்பு வந்து, கடலைத் தூர்த்து 140 கோடி டாலரில் கட்டப்படும் துறைமுக நகரத்தைத் தொடங்கி வைத்தார். 20 ஹெக்டேர் நிலம் சீனக் கம்பெனிக்கே சொந்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டே சீன நீர்மூழ்கிக் கப்பல் இரண்டு தடவை கொழும்பில் வந்து நின்றது. டெல்லிக்குத் தூக்கம் போய்விட்டது.

பிறகு வந்தது 2015 ஜனவரி 8. யாரும் எதிர்பாராமல் மைத்திரிபால சிறிசேன ஜெயித்தார். ராஜபக்ச கையெழுத்திட்ட சீனத் திட்டங்களைத் தாக்கித்தான் அந்த அணி ஓட்டுக் கேட்டது. டெல்லிக்கு மகிழ்ச்சி. சிறிசேன முதல் வெளிநாட்டுப் பயணமாக பிப்ரவரியில் இந்தியா வந்தார். மார்ச்சில் பிரதமர் மோடி கொழும்பு போனார். இரு நாட்டு உறவுக்கென்றே ஓர் இந்தியப் பிரதமர் அங்கே போனது 28 ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான். யாழ்ப்பாணத்துக்கும் போனார். அதே மார்ச்சில் துறைமுக நகர வேலை நிறுத்தப்பட்டது. பத்திரிகைகள் எல்லாம் சீனா வெளியே, இந்தியா உள்ளே என்று எழுதின.

சீனா என்ன செய்தது தெரியுமா? கத்தவில்லை. தூதரைத் திருப்பி அழைக்கவில்லை. வேலை நின்றதால் நாளொன்றுக்கு 3,80,000 டாலர் நஷ்டம் என்று கம்பெனி கணக்குச் சொன்னது, அவ்வளவுதான். டெண்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆட்டோவை நிறுத்தி வைத்துவிட்டு நாம் கடைக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்தால் வெளியே வெயிட்டிங் சார்ஜ் ஏறுமே, அந்த மாதிரி. கையெழுத்துப் போட்டது ராஜபக்ச என்ற ஆள் இல்லை, இலங்கை என்ற நாடு. ஆள் மாறினாலும் பில் மாறாது.

2016 மார்ச்சில் வேலையைத் தொடர அனுமதி கிடைத்தது, ஆகஸ்டில் புது ஒப்பந்தம் போட்டார்கள். சிறிசேன அரசு ஒன்றுமே சாதிக்கவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. சொந்தமாகக் கொடுத்திருந்த 20 ஹெக்டேர், 99 ஆண்டுக் குத்தகையாக மாறியது. கம்பெனியும் இழப்பீட்டுக் கோரிக்கையை விட்டுவிட்டது. ஆனால் 233 ஹெக்டேராக இருந்த திட்டம் 269 ஹெக்டேராக வளர்ந்துவிட்டது! அடுத்து 2017 ஜூலையில் அம்பாந்தோட்டைத் துறைமுகமே 112 கோடி டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகையாக ஒரு சீனக் கம்பெனிக்குப் போனது. எந்தத் திட்டங்களை எதிர்த்து ஓட்டு வாங்கினார்களோ, அவர்களே போட்ட கையெழுத்து இது.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். கடனைக் கட்ட முடியாததால் சீனா துறைமுகத்தை ஜப்தி செய்துவிட்டது என்று நம் ஊர் டீக்கடை முதல் டெலிவிஷன் விவாதம் வரை சொல்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. குத்தகைப் பணம் இலங்கையின் கஜானாவுக்கு வந்து அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. துறைமுகம் கட்ட வாங்கிய கடன் அப்படியே நின்றது, தவணையையும் இலங்கைதான் கட்ட வேண்டும். ஜப்தியைவிட இது மேல் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எதிராளி என்ன செய்தான் என்று சரியாகத் தெரியாமல் அவனோடு போட்டி போட முடியாது.

நாம் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தோம்? மின்னியல் துறை மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். 2006 டிசம்பரில் நம் என்.டி.பி.சி.யும் இலங்கை மின்சார சபையும் திருகோணமலை அருகே சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் கட்டப் புரிந்துணர்வு எழுதிக்கொண்டன. சீனா மேற்குக் கரையில் நுரைச்சோலையில் நிலக்கரி நிலையம் கட்டப் போனது. நுரைச்சோலையின் முதல் 300 மெகாவாட் 2011இல் ஓடத் தொடங்கி, 2014இல் மொத்தம் 900 மெகாவாட்டும் முடிந்துவிட்டது. சம்பூரில் நாம் பேசிக்கொண்டே இருந்தோம். நிலப் பிரச்சினை, இடம்பெயர்ந்த மக்கள் பிரச்சினை, சுற்றுச்சூழல் வழக்கு. 2016 செப்டம்பரில் திட்டமே ரத்து. அதாவது, நமக்கு வேண்டியவர் என்று நாம் நினைத்த சிறிசேன ஆட்சியில்தான் நம் திட்டம் ரத்தானது, சீனத் திட்டம் திரும்ப எழுந்தது. நுரைச்சோலையில் பழுதுகளும் வந்தன, அங்குள்ள மக்கள் சாம்பலைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள், அதையும் மறைக்கவில்லை. ஆனால் நின்று ஓடுகிற டர்பைனை எந்தப் புது அதிபராலும் ரத்து செய்ய முடியாது. காகிதத்தில் இருக்கிற டர்பைனை ஒரே வரியில் ரத்து செய்யலாம்.

2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச வந்தார். இந்தத் தடவை இந்தியா சீனாவைவிட வேகம். 18ஆம் தேதி அவர் பதவி ஏற்கிறார், 19ஆம் தேதி நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பில் நிற்கிறார். மாதக் கடைசியில் கோத்தபய டெல்லி வந்தார், 40 கோடி டாலர் கடன் உதவியும் பாதுகாப்புக்கு 5 கோடியும் அறிவிக்கப்பட்டன. முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டோம் என்று நினைத்தோம். ஆனால் கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியா, ஜப்பானோடு சேர்ந்து நடத்துவது என்று 2019இல் எழுதிக்கொண்டதை, 2021 பிப்ரவரியில் தொழிற்சங்க எதிர்ப்பைக் காட்டிக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக மேற்கு முனையம் அதானி குழுமத்துக்குக் கிடைத்தது, அது 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது.

இனி என் தொழிலுக்கு நேராகச் சம்பந்தப்பட்ட கதை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவுகள். அங்கே மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில். டீசலைப் படகில் ஏற்றிப் போய் ஊற்றி ஓட்ட வேண்டும். பகலில் சூரியன், காற்றடிக்கும் மாதங்களில் காற்றாலை, இடையில் பாட்டரி, எல்லாம் கைவிட்டால் மட்டும் டீசல் என்று ஒரு கலப்பு அமைப்பு போட்டால் டீசல் செலவு வெகுவாகக் குறையும். ஆசிய வளர்ச்சி வங்கிப் பணத்தில் உலக டெண்டர் விட்டார்கள். 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க இலங்கை அமைச்சரவை ஒப்புக்கொண்டது. டெல்லி கடுமையாக ஆட்சேபித்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் சீனர்களா என்று. அந்த வேலையை நாங்களே மானியமாக, சுமார் 1.2 கோடி டாலரில் செய்து தருகிறோம் என்றது.

டெண்டர்க்காரனாகச் சொன்னால், முறையாக டெண்டரில் ஜெயித்தவனை இப்படி வெளியேற்றினால் எனக்குக் கோபம் வரும். கோட்டைப்பட்டினம் கரையில் நின்று பார்த்தால் டெல்லியின் பயமும் புரிகிறது. இரண்டு நியாயமும் என்னிடம் உண்டு, சமாதானம் ஆகவில்லை.

சீனா பதில் சொன்ன விதத்தைப் பாருங்கள். 2021 டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை காரணமாகத் திட்டத்தை நிறுத்தி வைக்கிறோம் என்று கொழும்புச் சீனத் தூதரகம் அறிவித்தது. கூடவே, அந்த நிறுவனம் மாலத்தீவில் 12 தீவுகளுக்கு இதே வேலையை எடுத்துவிட்டது என்றும் சொன்னது. மூன்று போனால் பன்னிரண்டு! அந்த மாதமே சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி கட்டி, மேல்சட்டை இல்லாமல் நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்குள் போனார். வடக்கு மீனவர்களுக்கு வலையும் உலர் உணவும் கொடுத்தார். படகேறி ஆதாம் பாலம் மணல் திட்டு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வலை கொடுத்தார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், அதற்குத் திரும்ப வருகிறேன்.

மூன்று தீவு வேலை 2022 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. 2024 மார்ச்சில்தான் ஒரு பெங்களூர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று, 2,400 கிலோவாட் மணி பாட்டரி. நம் கல்லூரி விடுதியில் பத்து வருடம் தங்கிப் படித்தவன்கூட இதைவிட வேகமாக டிகிரி முடித்திருப்பான்.

2022 நெருக்கடி உங்களுக்கே ஞாபகம் இருக்கும். ஏப்ரலில் இலங்கை கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. இந்தியா பெட்ரோல், மருந்து, கடன் எல்லாம் சேர்த்து சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கை கொடுத்தது. தமிழ்நாடு அரசு அரிசியும் பால் பவுடரும் மருந்தும் கப்பலில் அனுப்பியது. ஜூலையில் கோத்தபய நாட்டை விட்டு ஓடினார், ரணில் விக்கிரமசிங்க வந்தார். இவ்வளவு செய்த பிறகும், நம் ஆட்சேபத்தை மீறி ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டையில் வந்து நின்றது. குத்தகைத் தாள் யார் கையில் என்று யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை.

ஆனால் டெல்லி இதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டது என்றே நினைக்கிறேன். ஜனதா விமுக்தி பெரமுன என்ற கட்சியைப் பற்றி நம் அப்பா காலத்துக்காரர்களைக் கேளுங்கள். இந்திய விஸ்தரிப்புவாதம் என்று தொண்டர்களுக்கு வகுப்பே எடுத்த கட்சி. 1987 ராஜீவ் - ஜெயவர்த்தனே ஒப்பந்தத்தை ஆயுதம் எடுத்து எதிர்த்த கட்சி. அந்தக் கட்சித் தலைவர் அனுர குமார திசாநாயக்கவை 2024 பிப்ரவரியில், தேர்தலுக்கு ஏழு மாதம் முன்பே, டெல்லி விருந்தாளியாக அழைத்துப் பேசியது. செப்டம்பரில் அவர் அதிபரானார். அக்டோபர் 4ஆம் தேதி ஜெய்சங்கர் அங்கே. டிசம்பரில் அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம் இந்தியாவுக்கு. மறு மாதமே, 2025 ஜனவரியில், சீனா போனார். அங்கே அம்பாந்தோட்டையில் 370 கோடி டாலர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கட்ட சினோபெக் நிறுவனத்தோடு கையெழுத்தானது. முதல் மரியாதை நமக்கு, பெரிய தொகை அவர்களுக்கு. பிப்ரவரியில், மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்க இருந்த அதானி நிறுவனம் விலகிக்கொண்டது. யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்று முந்தைய அரசு ஒப்புக்கொண்ட விலை அதிகம் என்று புது அரசு மறுபேச்சு கேட்டதுதான் காரணம். அது போட்டி டெண்டர் இல்லாமல் வந்த வேலை. டெண்டர் இல்லாமல் வாங்கிய விலை, கொடுத்தவர் நாற்காலியில் இருக்கும் வரைக்கும்தான் விலை. ஏப்ரலில் மோடி போனபோது சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்குத் தொடக்க விழா நடந்தது. அதே சம்பூர், அதே என்.டி.பி.சி., நிலக்கரி போய்ச் சூரியன் வந்திருக்கிறது. பத்தொன்பது வருடம்.

இப்போது வலைக்கு வருகிறேன். கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைகள் என் மேல் கோபப்படக் கூடாது. தீவுத் திட்டம் சீனாவுக்கு என்று அமைச்சரவை முடிவு செய்த அந்த 2021 ஜனவரி மாதத்தில்தான், கோட்டைப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட விசைப்படகு நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கி நான்கு பேர் இறந்தார்கள். அக்டோபரில் மறுபடி ஒரு மோதல், கோட்டைப்பட்டினத்து இளைஞர் ஒருவர் இறந்தார். 2024இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் கைது. எந்தத் தலைவர் வந்தாலும், எந்தக் கூட்டறிக்கையிலும், மீனவர் பிரச்சினை மனிதாபிமானத்தோடு அணுகப்படும் என்று ஒரு வரி இருக்கும். விருந்துக்குச் சில பேரை விடுவிப்பார்கள். மறு வாரம் வேறு சிலரைப் பிடிப்பார்கள்.

அந்தப் பக்கத்து ஆள் யார்? அவரும் தமிழ் பேசுகிற மீனவர்தான். போரில் கால் நூற்றாண்டு கடலுக்குப் போக முடியாமல் கிடந்தவர். போர் முடிந்து சிறு படகில் போட்ட வலையை நம் இழுவை மடி அறுத்துக்கொண்டு போகிறது. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. அறுந்த வலைக்குப் பதில் வலை கொண்டுபோய்க் கொடுத்தவர் யார் என்று சொன்னேன். நாம் தவற விட்ட இடத்தில் போட்டியாளர் எவ்வளவு சின்னச் செலவில் நுழைகிறார் பாருங்கள்! அதே 2017இல் இந்தியாவும் பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்ற ஒரு திட்டம் கொண்டு வந்தது. படகு ஒன்று 80 லட்சம். மத்திய அரசு 40, மாநிலம் 16, மீதி 24 லட்சம் மீனவர் பொறுப்பு, அதில் 16 வங்கிக் கடன். இலக்கு 2,000 படகு, கட்டியது அதில் சிறு பகுதிதான். கரையில் ஒரு தடவை பேசிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அந்தப் படகுக்கு ஆழமான துறைமுகம் வேண்டும், வாரக்கணக்கில் கடலில் தங்கிப் பழக வேண்டும். டீசல் செலவு வேறு.

தாள் நிற்கும், ஆள் நிற்கமாட்டார் என்று சொன்னேன் அல்லவா. நம் மாவட்டத்துக்குக் கடல் கிடைத்த அதே 1974இல், ஜூன் மாதம், கச்சத்தீவு ஒப்பந்தம் போடப்பட்டது. 1976இல் வந்த அடுத்த ஒப்பந்தத்தோடு, ஒருவர் கடலில் ஒருவர் மீன் பிடிக்கக் கூடாது என்று ஆனது. இந்திரா காந்தி போய் எத்தனை பிரதமர்கள், சிறிமாவோ போய் எத்தனை அதிபர்கள்! அந்தத் தாள் அப்படியே நிற்கிறது. அதற்குப் பிறகு, எந்த மாதம் யார் எந்த வலையோடு எதுவரை போகலாம் என்று, இரு கரை மீனவர்களையும் உட்காரவைத்து எழுதிய இன்னொரு தாள் வரவே இல்லை. பேச்சு வார்த்தை நிறைய நடந்திருக்கிறது. 2016இல் டெல்லியில் கூட்டுப் பணிக்குழுகூட அமைத்தார்கள். கையெழுத்தாகி, மீறினால் என்ன என்று பிரிவு எழுதிய ஒப்பந்தம் ஒன்றைத்தான் நான் தேடுகிறேன். துறைமுகத்துக்கு இருக்கிறது, மின் நிலையத்துக்கு இருக்கிறது, பாட்டரிக்கு இருக்கிறது.

செயலாளர் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். தீவு மின் அமைப்பின் வரைபடம் வேண்டும் என்று மூன்றாம் ஆண்டு மாணவர்கள் காலையிலேயே கேட்டார்கள், துறைத் தலைவரிடம் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.